தொட்டியில் பாதித் தண்ணீர்

செம்பனைத் தோட்டத்து வேலை முடிந்து, மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தும்போதே "மீன் சாப்பிட்டுச்சா?" என்று கேட்கும் என் மாமாவுக்கு,

சாப்பிட்டுச்சு மாமா. வீட்டு மனுஷங்க சாப்பிட்டாங்களான்னு நீங்க ஒரு நாளும் கேட்டதில்லை. இப்ப நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க. நெத்தி வீங்கின அந்த லோஹான் மீனும், பாதிக் கூடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கிற தொட்டியும் உங்க மருமக தலையில விழுந்திருக்கு. எனக்கு அலுத்துப்போச்சு. அதைச் சொல்லத்தான் எழுதுறேன்.

உங்க கருமாதி அன்னிக்கு என்ன கூத்து நடந்துச்சு தெரியுமா? வீடெல்லாம் மஞ்சத் தண்ணி தெளிச்சுக்கிட்டு வந்த உங்க தம்பி, "மீனும் இந்த வீட்டு ஆளுதானே"ன்னு தொட்டியிலயும் ஒரு கை தெளிச்சார். அதோட விட்டாரா? தீட்டுத் தண்ணி இருக்கக் கூடாது, முழுசா மாத்தணும்னு பிடிவாதம். எப்பவும் பாதிதான் மாத்தணும், முழுசா மாத்தினா மீன் செத்துடும்னு நீங்க கத்துவீங்களே, அதை அப்படியே சொன்னேன். "துக்க வீட்டுல எதிர்த்துப் பேசாதே லா"ன்னு வாயை அடைச்சுட்டார்.

ரப்பர் குழாயை அவரே வாயால உறிஞ்சி, இன்னொரு முனையைப் பின்வாசல் வழியா சாக்கடையில விட்டார். யார் கால் பட்டுச்சோ, முனை நழுவிக் கூடத்துக்குள்ள வந்துடுச்சு. பாயில சாப்பிட உக்காந்தவங்க வேட்டி, சேலையெல்லாம் மீன் தண்ணி. இலையைத் தூக்கிக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் ஓடுனாங்க. நான் குழாயைப் பிடுங்கி எறிஞ்சேன். தொட்டியில பாதித் தண்ணி மிச்சம் இருந்துச்சு. அதுக்கப்புறம் உங்க தம்பி குழாயைத் தொடலை. மீனும் பிழைச்சுது.

நம்ம ரந்தாவ் பக்கம் குழாய்த் தண்ணி திடீர்னு நின்னுபோறது உங்களுக்குப் புதுசில்லை. போன வாரம், குளோரின் மருந்து வாசனை போறதுக்கு நீங்க மீனுக்குத் தண்ணி பிடிச்சு வைக்கிற அந்த நீலத் தோங் பீப்பாயை நிரப்பலாம்னு குழாயைத் திறந்தேன். வெறும் காத்துதான் வந்துச்சு. மூட மறந்து வேலைக்குப் போயிட்டேன். மத்தியானம் தண்ணி திரும்பி வந்து, தோங் வழிஞ்சு, கூடமெல்லாம் ஓடியிருக்கு. அத்தை வழுக்கி விழுந்துட்டாங்க. பயப்படாதீங்க, மணிக்கட்டுலதான் அடி. மாவுக்கட்டுப் போட்டிருக்கு. ஒத்தக் கையாலதான் பசியாறுறாங்க.

உங்க மகனுக்கு வந்த கோபத்தைக் கேட்கவே வேணாம். "அப்பாவே இல்லை, அவர் மீன் மட்டும் எதுக்கு?"ன்னார். வளர்ப்பு மீன் கடைக்காரர் சனிக்கிழமை வந்து மீனைத் தொட்டியோட எடுத்துக்கிறதா அவரே பேசி முடிச்சார். நானும் சரின்னுதான் சொன்னேன். வேலைக்கு ஓடணும், ஆக்கணும், அத்தைக்குத் தலை வாரணும், மீனுக்குத் தண்ணி சுமக்கணும். நான் மட்டும் எத்தனை நாளைக்கு மாமா?

கடைக்காரர் வந்தப்போ, அத்தை தொட்டிக்கு முன்னால நாற்காலியைப் போட்டு உக்காந்துட்டாங்க. "மீனை வேணும்னா கொண்டுபோங்க. தண்ணி இருக்கட்டும்"னாங்க. வலி மாத்திரை மயக்கத்துல பேசுறாங்கன்னு நினைச்சேன்.

அத்தை என் பக்கம் திரும்பினாங்க. "நீ பாதி பாதியாத்தானே மாத்துறே? அவர் ஊத்துன தண்ணி அதுல கொஞ்சமாவது இருக்கும்தானே?"

"இருக்கும் அத்தை"ன்னேன்.

உங்க மகன் கடைக்காரரைக் கூட்டிக்கிட்டு வாசலுக்குப் போனார். தனியாத்தான் திரும்பி வந்தார். "தோங் தண்ணியை இனிமே நான் தூக்குறேன்"னார். எத்தனை வாரத்துக்குன்னு பார்ப்போம்.

எனக்கு அலுப்பு இன்னும் தீரலை மாமா. உங்க மீன் என் விரலைக் கடிக்கிறதையும் விடலை. ஆனா ஒண்ணு. காத்து வந்தாலும் குழாயை மூடிட்டுத்தான் இனி வாசல் தாண்டுவேன். எந்தச் சொந்தம் வந்து எந்தத் தீட்டைச் சொன்னாலும் பாதிக்கு மேல இறைக்க விடமாட்டேன். அத்தை இருக்கிற வரைக்கும் உங்க தண்ணி அந்தத் தொட்டியில இருக்கும்.

உங்க வீட்டுக்கு வாழ வந்த மருமக,
தேவி