தம்பியின் ஆரஞ்சு ஜாக்கெட்

அன்புள்ள தம்பி,

உன் ஆரஞ்சு ஜாக்கெட் மெல்போர்னில் என் அலுவலக நாற்காலியில் தொங்குகிறது. மர ஆலைக்கு வரும் மந்திரிகள் கேமராவுக்காக இப்படியொரு பாதுகாப்பு ஜாக்கெட்டைப் போட்டாக வேண்டும். நான் மந்திரியாக உன் ஆலைக்கு வந்த அன்று ஒன்று குறைந்தபோது நீதான் உன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தாய்.

"போட்டுக்கக்கா. மறக்காம திருப்பிக் குடு, திங்கக்கிழமை வேலைக்கு வேணும்."

அதைப் போட்டுக்கொண்டுதான் "இந்த ஆலை எங்கேயும் போகாது" என்றேன். நீயும் கை தட்டினாய். முந்தின நாள் அமைச்சரவையில் என்ன பேசினோம் என்பதை நான் வெளியே சொல்லக் கூடாது. அது விதி.

வெள்ளிக்கிழமை, அரசு மரம் வெட்டத் தடை போட்டதும், ஆலையைப் பூட்டிவிட்டார்கள். நீ ஃபோனை எடுக்கவில்லை. அம்மாதான் பேசினாள்.

"அவனுக்கு எதுக்குடி இனிமே ஜாக்கெட்? நீயே வச்சுக்க."

தேர்தல் சுவரொட்டிக்கு, உன் ஜாக்கெட்டோடு அன்று எடுத்த படம்தான் எடுப்பாக இருக்கிறதாம். என் நகரத்துத் தொகுதியில் அது எந்த ஆலை என்று யாருக்குத் தெரியும்? ஆனால் என் நெஞ்சின் மேல், நீ மையால் எழுதிய உன் பெயர், 'டாரில்', பளிச்சென்று தெரிகிறது.

"மினிஸ்டர், இந்தப் பேரை மட்டும் அழிச்சிடலாமா?" என்று உதவியாளர் கேட்டார்.

அழித்துவிடச் சொன்னேன்.

உன் அக்கா