மாமன் மடியும் முறுக்குச் சங்கிலியும்

சிவதாபுரம், சேலம்.

அன்புள்ள சபரிநாதனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம். கனடாப் பனியில் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் சாமி. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா இடையில் புகுந்து மிச்சத்தை அவரே பேசிவிடுவார், அதனால்தான் கடுதாசி.

உன் அக்கா மதுமதியின் பாப்பாவுக்கு மொட்டையடித்துக் காது குத்தத் தை மாதம் நாள் குறித்தாகிவிட்டது. லீவு கிடைக்காது, வீடியோவில் வந்துவிடுகிறேன், மாமன் சீராக முறுக்குச் சங்கிலியில் ஒரு வெள்ளி அரைஞாண் நீங்களே செய்து போட்டுவிடுங்கள் என்று நீ சொன்னதிலிருந்து உன் அப்பாவுக்குக் கால் தரையில் படவில்லை. நம் பட்டறையில் வளையம் வளையமாகப் பற்றுப் பொடி வைத்து, ஊதுகுழலில் நெருப்பை ஊதிப் பற்றவைப்பது நான், முறுக்குவது பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாள் அக்கா, கடையில் போய் "நம்ம கை வேலைங்க" என்று சொல்வது அவர். இந்தத் தடவை பேத்திக்குத் தானே முறுக்குவேன் என்றார். வெள்ளி முறுக்க முறுக்க விறைத்துக்கொள்ளும், கொஞ்சம் முறுக்கியதும் லேசாகச் சிவக்க நெருப்பில் காட்டி, ஆறவிட்டு, இளகின பிறகுதான் மறுபடி முறுக்க வேண்டும். அதைச் சொன்னால், "அதெல்லாம் அந்தக் காலம், நீ போயி ஊட்டு வேலையப் பாரு" என்று ஒரு முனையை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் மாட்டி, மறு முனையைத் துளை போடும் மிஷினில் கவ்வக் கொடுத்து சுவிட்சைப் போட்டார். ஒரு நொடி அழகாகத்தான் முறுக்கேறியது. அப்புறம் பற்றவைத்த இடமெல்லாம் படபடவென்று விட்டு, ஒரு துண்டு அடுப்படி வரைக்கும் பறந்து பருப்புக் குண்டானில் போய் விழுந்தது. அன்றைக்குச் சாம்பாரை வடிகட்டித்தான் ஊற்றினேன். அவரோ, "பத்தவெச்சது சரியில்லீங்க" என்று கண்ணாத்தாள் அக்காவிடம் நியாயம் கேட்கிறார், பற்றவைத்தவள் பக்கத்தில் நிற்கும்போதே! எல்லாவற்றையும் மறுபடி ஊதிக் கொடுத்தேன், அக்கா நிதானமாக முறுக்கிக் கொடுத்தார், ஒரு வளையம்கூடப் பிரியவில்லை. இப்போது அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டி, எப்படி முறுக்குவது என்று உன் அப்பா பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார்.

ஜலகண்டாபுரத்தில் சம்பந்தி வீட்டிலோ வேறு பஞ்சாயத்து. உன் மச்சான் பிரபாகர் போனுக்கு ஸ்டாண்டு வாங்கியிருக்கிறார், எந்த உயரத்தில் வைத்தால் பாப்பா உன் மடியில் உட்கார்ந்த மாதிரி தெரியும் என்று பார்க்கிறார்கள். உன் அப்பா போனை நாற்காலியில் வைத்து மாலை போட்டுவிடலாம் என்றார். படத்துக்கு மாலை எதற்குப் போடுவார்கள் என்று நான் கேட்ட பிறகுதான் வாயை மூடினார். உனக்குப் பதில் மடி கொடுக்க உன் சித்தப்பா மகன் கண்ணுசாமி புது வேட்டியே எடுத்துவிட்டான். நேற்று பாப்பா வந்திருந்தாள். மாமா எங்கே சாமி என்று கேட்டேன். அணைத்து வைத்திருந்த போனைத் தொட்டுக் காட்டி, "மாமா தூங்குது" என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அடுப்படிக்குப் போய்விட்டேன். சங்கிலியை உனக்காக நாங்கள் செய்துவிட்டோம் சாமி. மடிக்கு நீதான் வர வேண்டும்.

உடம்பும் மனசும் நோகாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். வெளியே போகும்போது காதை மூடிக்கொள். டிக்கெட் போட்டால் முதலில் என்னிடம் சொல், உன் அப்பாவிடம் சொன்னால் தானே போட்டதாக ஊரெல்லாம் சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்திருக்கும் உன் அம்மா,
சௌந்திரம்