டிரையரைப் பிரித்த வாரம்

நவ. 10, திங்கள்

விடியும் முன்பே மழை. நேற்றுக் கொடியில் போட்ட இரண்டு பெட்ஷீட்டும் இன்னும் ஈரம், முடை நாற்றம். டிரையர்தான் கதி. அதுவோ மூன்று மாதமாக டொக், டொக், நடுவில் ஒரு கிறீச். ஓடும்போது சமையலறை மேடையில் டம்ளர் நகர்கிறது.

இருதயராஜுக்கு ஒரு நாளைக்கு நாலு ஷீட் மாற்ற வேண்டும். பக்கவாதம் வந்து ஐந்து மாதம். வலது பக்கம் போச்சு, பேச்சும் போச்சு. 'ஆ' ஒன்றுதான் வருகிறது. ஆமாம் என்றால் கண்ணை ஒரு தடவை மூடுவார், இல்லை என்றால் இரண்டு. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம் என்னோடு சரிக்குச் சரி வாதாடிய மனுஷன்.

ஃபிளாட் வாட்ஸ்அப் குரூப்பில் கீழ்வீட்டு ஆடிட்டர்: "நாம் இருப்பது சாந்தோமா, மாவு மில்லா?" பதினோரு பேர் சிரிக்கும் முகம் போட்டார்கள். மாடியில் ஒருத்தர் படுத்த படுக்கையாய் இருப்பது பதினோரு பேருக்கும் தெரியும். ஏறி வந்து பார்க்க ஒருத்தருக்கும் கால் இல்லை. சிரிக்க மட்டும் விரல் இருக்கிறது.

நவ. 11, செவ்வாய்

மழை விட்டு விட்டு. மெக்கானிக் பத்து மணிக்கு என்றார், ஒன்றரைக்கு வந்தார். மெஷினைத் திறக்கவே இல்லை. மேலே உள்ளங்கையை வைத்தார், சாமியார் ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி.

"மோட்டார் அவுட்டு மேடம். இன்னா பண்ணாலும் சத்தம் நிக்காது. புச்சு வாங்கிக்கோங்க."

"பின்பக்கம் கழட்டிப் பார்க்கலையே?"

"தேவையே இல்ல மேடம். பதினஞ்சு வருசமா இதான் பண்ணிகினு கீறேன்."

பதினைந்து வருஷமாகப் பார்க்காமலே. நான் பாடம் நடத்திய ஒன்பதாம் வகுப்பு ஃபெயில் கேஸ்கள்கூட இதைவிட யோசித்துப் பொய் சொல்லும். காபி கொடுக்கவில்லை.

நவ. 12, புதன்

வெயில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது. இருதயராஜிடம் கேட்டேன்: "நானே பிரிக்கட்டுமா?" இரண்டு தடவை மூடினார். நன்றாக அழுத்தி.

பிரித்தேன்.

முதலில் யூடியூப். ஒரு ஆள் எட்டு நிமிஷம் தன் சேனலைப் பற்றியே பேசினான். மூடிவிட்டேன். பிளக்கைப் பிடுங்கியாச்சு. டார்ச், ஸ்டார் ஸ்குரூடிரைவர். ஸ்குரூ போட இட்லித் தட்டு, குழிக்கு நாலு. பின் தகட்டில் மட்டும் பதினான்கு. உள்ளே பஞ்சு பஞ்சாகத் தூசி, ஒரு தலையணைக்குத் தேறும்.

டிரம்மைச் சுற்றி நீளமாக ஒரு ரப்பர் பெல்ட். அதுதான் மோட்டாருக்கும் டிரம்முக்கும் உறவு. பெல்ட்டைக் கழற்றி உறவைப் பிரித்துவிட்டு, பிளக்கைச் செருகி மோட்டாரை மட்டும் ஒரு நிமிஷம் ஓட விட்டேன், தள்ளி நின்று. தேனீ மாதிரி ரீங்காரம். அவ்வளவுதான். மோட்டார் அவுட்டாம்! அந்த ஆள் மூளைதான் அவுட்டு.

டிரம் உட்கார்ந்து சுற்றுவது கீழே இரண்டு சின்ன உருளைகள் மேல். இடது உருளையில் ரப்பர் ஒரு பக்கம் பிய்ந்திருக்கிறது. அதுதான் டொக். அச்சு காய்ந்து துரு. அதுதான் கிறீச். இவ்வளவுதான் ரகசியம்.

கம்பெனிக்கு போன். இந்த மாடலுக்கு உருளை வருவதே இல்லையாம். "வேறு ஏதாவது உதவி வேண்டுமா மேடம்?" வேறு ஏதாவது! இந்த உதவியே வரவில்லை.

நவ. 13, வியாழன்

வேலைக்கு வரும் செல்வியை இருதயராஜோடு உட்கார வைத்துவிட்டு ஈக்காட்டுத்தாங்கல். அதே மாதிரி கடைந்து வாங்க இரண்டு உருளையையும் பையில் போட்டுக்கொண்டேன். சைதாப்பேட்டையில் முட்டி வரை தண்ணீர், ஆட்டோக்காரர் வழியெல்லாம் கவுன்சிலரைத் திட்டினார். திட்டு நன்றாகவே இருந்தது.

முதல் லேத் பட்டறை: "சார் வரலியா மேடம்?" இரண்டாவது: "சாரை அனுப்புங்க, அவருக்குப் புரியும்." சார் வருகிற நிலையில் இருந்தால் நான் ஏன் இந்த மூஞ்சிகளைப் பார்க்கப் போகிறேன்?

மூன்றாவது பட்டறையில் கைலி கட்டிய பெரியவர். உருளையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "எவ்ளோ வெயிட்டு தாங்கணும்?" இந்த வாரம் யாராவது என்னிடம் கேட்ட முதல் உருப்படியான கேள்வி.

"இடது மட்டும் போதும்" என்றேன்.

"ரெண்டும் மாத்தும்மா. ஒண்ணு புச்சு, ஒண்ணு பழசுன்னா சாஞ்சிகினு ஓடும்."

சரிதான். எனக்குத் தோன்றவில்லை. நல்ல உருளையை அளவு பார்த்து நைலான் கட்டையில் இரண்டு கடைந்து கொடுத்தார்.

நவ. 14, வெள்ளி

காலையிலிருந்து தூறல். அச்சைத் தேய்த்து, கிரீஸ் போட்டு, உருளை மாட்டியாச்சு. டிரம்மைத் தூக்கி அதன் மேல் உட்கார வைக்க இரண்டு கை போதவில்லை. நழுவி விழுந்தது. இடி மாதிரி.

ரெண்டே நிமிஷத்தில் வாசலில் ஆடிட்டர். வெள்ளை வேட்டி, சிவந்த மூஞ்சி.

"என்ன மேடம் பண்ணிண்டிருக்கேள்? எங்காத்துல சீலிங்கே விழுந்துடும் போலருக்கு!"

"நல்ல நேரத்துல வந்தீங்க சார். இதைப் பிடிங்க."

பிடித்தார். ஏன் பிடித்தார் என்று அவருக்கே தெரியாது. முக்கால் மணி நேரம். பெல்ட்டை முதலில் தலைகீழாக மாட்டித் திரும்பக் கழற்றினேன். வேட்டியெல்லாம் கிரீஸ். நடுவே அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"சார் பேசவே மாட்டாரா?"

"பேச வராது. குரூப்ல எழுதவும் வராது."

அதற்குப் பிறகு டிரம்மை மட்டும் இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

சாயங்காலம் பார்த்தால் குரூப்பில் அந்த மாவு மில் மெசேஜ் அழிக்கப்பட்டிருக்கிறது. பதினோரு சிரிப்புக்கும் இப்போது போக இடமில்லை.

நவ. 15, சனி

நல்ல மழை. பதினொரு மணிக்கு மூன்று ஷீட் போட்டு ஸ்விட்ச். சத்தமே இல்லை. ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று ஒரு வெறி. காபி போட்டுக்கொண்டு மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்தேன், மகாராணி மாதிரி.

ஐந்து நிமிஷம் இருக்கும். 'ஆ.' மெல்ல. திரும்ப 'ஆ'. கூடவே கட்டில் கம்பியில் மோதிரம் தட்டுகிற சத்தம்.

மெஷின் ஓடும்போது அவர் அறைக் கதவைச் சாத்திவிடுவேன். சத்தம் தொந்தரவாக இருக்கக்கூடாதே என்று. இன்றும் பழக்கதோஷத்தில் சாத்தியிருந்தேன். திறந்தேன். ஷீட் நனைந்து, குளிரில் தோள் நடுங்குகிறது.

மாற்றி, துடைத்து, போர்த்திவிட்டுக் கேட்டேன்: "மெஷின் ஓடும்போதெல்லாம் இப்படிக் கூப்பிட்டீங்களா?"

ஒரு தடவை மூடினார்.

"தினமுமா?"

ஒரு தடவை.

மெஷின் ஓடுகிற பதினொரு மணிக்கு இவர் நன்றாகத் தூங்கிவிடுவார் என்று டாக்டரிடம் போன வாரம்தான் பெருமையாகச் சொன்னேன். முப்பத்திரண்டு வருஷம் பிசிக்ஸ் டீச்சர். 'ஒலி' பாடத்தைப் புத்தகம் பார்க்காமல் நடத்துவேன்.

அறைக் கதவைக் கீலோடு கழற்றியாச்சு. ஆறு ஸ்குரூ.