கம்பத்தை நேராகப் பிடித்தவர்

அனுப்புநர்:
டெஸ்ஸா வோபோரில்,
தற்காலிக உதவியாளர், கல்லூரி வரலாற்று அறை,
தோர்ன்பரி கல்லூரி, கார்வர் மில்ஸ், அயோவா.

பெறுநர்:
உயர்திரு கல்லூரித் தலைவர் அவர்கள்,
தோர்ன்பரி கல்லூரி.

பொருள்: அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் வடக்கு முனையில் நிறுவப்படவுள்ள நினைவுச் சின்னத்தின் வாசகத்தில் ஒரு வரியை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நேரில் வந்து சொல்வதே முறை. இரண்டு முறை தங்கள் அலுவலகம் வரை வந்தேன். தங்கள் செயலாளர் என்ன வேண்டும் என்று அன்பாகத்தான் கேட்டார். வழி தவறி வந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பிவிட்டேன். எழுதினால் நடுவில் ஓடிவிட முடியாது என்பதால் எழுதுகிறேன்.

1. 1988 நவம்பரில் மெரிடன் கல்லூரியுடன் நடந்த ஆட்டத்தின் முப்பத்தைந்தாம் ஆண்டை இந்த இலையுதிர் காலத்தில் கொண்டாடவிருக்கிறோம். அதற்காக ரசிகர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்யும் பணி சென்ற குளிர்காலத்தில் எனக்குத் தரப்பட்டது. நன்றியுடையவளாக இருக்கிறேன். அதிகம் பேசாதவள் என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்ததாக வரலாற்று அறைப் பொறுப்பாளர் சொன்னார்.

2. நினைவுச் சின்னக் குழுவின் குறிப்பு அன்று நடந்ததைச் சற்று வேறு விதமாகச் சொல்வதால், நான் கேட்டறிந்ததை வரிசையாகத் தருகிறேன். நம் அணி பதினான்கு, மெரிடன் பதின்மூன்று. கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டது. பல ஆண்டுகளாக வெற்றியையே பார்த்திராத நம் மக்கள் மைதானத்துக்குள் இறங்கி, வெற்றிக் கொண்டாட்ட வழக்கப்படி வடக்குக் கோல் கம்பங்களைச் சாய்த்து, தோளில் சுமந்துபோய் ஆற்றில் போட்டார்கள். அவர்கள் செய்யாத ஒன்று, நடுவர் தவறைக் காட்டும் மஞ்சள் துணி வீசியிருக்கிறாரா என்று திரும்பிப் பார்ப்பது. வீசியிருந்தார். நம் ஆட்டக்காரர் ஒருவர் பந்து நகருமுன்பே எதிரணிப் பக்கம் பாய்ந்திருந்தார். தடுக்கும் அணியின் தவறோடு ஆட்டம் முடியக் கூடாது என்பது விதி. ஆகவே மெரிடனுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு. அவர்கள் வடக்கு நோக்கி உதைத்து, பந்தை இரு கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் மூன்று புள்ளி. வடக்கில் கம்பம் இல்லை.

3. கம்பம் எங்கே என்று நடுவர் ஒலிபெருக்கியில் கேட்டார். ஊரே ஆற்றங்கரையில் நின்றுகொண்டிருந்தது. ஒருவருக்கும் தெரியவில்லையாம். அப்போது இரண்டாமாண்டு மாணவர் ஒருவர், தாமும் சேர்ந்து இழுத்ததைத் தாமே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நினைத்து, பாலத்தின் அடியில் சிக்கியிருந்த இரண்டு மரக் கம்பங்களையும் நவம்பர் மாத ஆற்றில் இறங்கி இழுத்துவந்தார். குறுக்குச் சட்டம் போனது போனதுதான். அதற்குப் பதிலாகக் களத்தை அளக்கும் சங்கிலியை இரண்டுக்கும் நடுவே கட்ட நடுவர் சம்மதித்தார். ஒரு கம்பத்தை மெரிடன் ஆட்டக்காரர்கள் மூவர் தாங்கினார்கள். மற்றதைத் தாங்க நம் பக்கத்தில் யாரும் வராததால் அந்த மாணவரே சொட்டச் சொட்ட நனைந்தபடி தனியாக நின்று பிடித்தார். பந்து அவர் கம்பத்துக்கு வெகு அருகில், உட்புறமாகப் பறந்தது. பதினாறுக்குப் பதினான்கு. தோற்றோம்.

4. அந்த மாணவர் கர்டிஸ் வோபோரில். என் அப்பா.

5. காவலர்கள் வந்தபோது கையில் கம்பத்தோடு நின்றவர் அவர் ஒருவரே. கல்லூரிச் சொத்தைச் சேதப்படுத்தியதற்காக அந்த வாரமே படிப்பிலிருந்து நீக்கப்பட்டார். மறு உத்தரவு வரும்வரை கல்லூரி எல்லைக்குள் நுழையக் கூடாது என்று தடையும் விதிக்கப்பட்டது. மறு உத்தரவு வரவில்லை. போட வேண்டியவர்கள் ஓய்வுபெற்றுவிட்டார்கள், இருவர் காலமாகிவிட்டார்கள். நான் இங்கே படித்துவரும் இந்த நான்கு ஆண்டுகளும் அப்பா என்னை எதிர்ப்புற டயர் கடை முன் இறக்கிவிட்டு, நான் சாலையைக் கடக்கும்வரை பார்த்துவிட்டுப் போவார். அவர் வேலை செய்யும் தானியக் கிடங்கு ஊரின் மறு முனையில் இருக்கிறது.

6. இனி ரசிகர்களைப் பற்றி. நான் பதிவு செய்தவர்களில் கம்பத்தை இழுக்காதவர் எவரும் இல்லை. அன்று மைதானத்தில் இருந்ததாகச் சொல்பவர்கள் எல்லோரும் உண்மையிலேயே இருந்திருந்தால், ஊரில் அடுப்பை அணைக்கக்கூட ஆள் இருந்திருக்க முடியாது. கம்பத்தின் துண்டு ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டுக் கார் கொட்டகையிலும் இருக்கிறது. சிலது ஓக் மரம், சிலது பைன் மரம். ஒன்றில் கதவுக் கீல் இருந்தது. எல்லாவற்றையும் மரியாதையுடன் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

7. பல் மருத்துவர் லைல் பிரான்ட்வால்ட் அவர்களின் பதிவை மட்டும் எடுத்துக்காட்டாகத் தருகிறேன். அவர் தம் நண்பர் கோர்டி ஹாஸுடன் வந்திருந்தார். "கம்பத்து மேல முதல்ல ஏறுனது நான்தாம்மா, எழுதிக்கோ" என்று தொடங்கினார். ஹாஸ் அவர்கள், "டேய், நீ அன்னைக்கு ஊர்லயே இல்ல. சிகாகோல மாமியா வீட்ல உக்காந்து வான்கோழி தின்னுக்கிட்டிருந்த" என்றார். மருத்துவர் சற்றும் தயங்காமல், "உடம்புதான்டா அங்க இருந்துச்சு" என்றார்.

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு மருத்துவர் என் பக்கம் குனிந்து, "எல்லாம் சரிதாம்மா. அந்தக் கம்பம் புடிச்ச பய ஒரு விரக்கட சாஞ்சிருந்தா போதும், நாம ஜெயிச்சிருப்போம். சாயலயே படுபாவி" என்றார். என் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் என் முதல் பெயர் மட்டுமே இருந்தது. அப்பா பெயரைச் சொன்னேன். ஹாஸ் அவர்கள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மருத்துவர் என் பற்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னார். எப்போது வேண்டுமானாலும் வந்து காட்டலாம், கட்டணம் வேண்டாம் என்றார். அவர் கெட்டவர் அல்ல என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

8. ஆண்டுதோறும் பழைய மாணவர் வாரத்தில் நடக்கும் அந்த ஆட்டத்தின் மறுநடிப்பைத் தாங்கள் மேடையிலிருந்து பார்த்திருப்பீர்கள். பொத்தானை அழுத்தினால் விழும் பிளாஸ்டிக் கம்பம், துணிச்சல் பற்றித் தாங்கள் ஆற்றும் உரை, "நான் இழுத்தேன்" என்று அச்சிட்ட பனியன். கடைசியில் ஈர உடையில் ஒரு மாணவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வருவார். கூட்டம் அவர் மேல் பாப்கார்ன் எறியும். முதலாண்டு மாணவர்களுக்கு அதற்கென்று இலவசப் பொட்டலம் தரப்படுகிறது. நான் என்னுடையதைச் சாப்பிட்டுவிட்டேன். கம்பத்தைச் சாய்த்தவர்களுக்குப் பனியனும், அதைத் திரும்பக் கொண்டுவந்தவருக்குத் தடையும் என்ற இந்த ஏற்பாட்டின் நியாயத்தை விளங்கிக்கொள்ளும் அளவுக்கு என் படிப்பு இன்னும் போதவில்லை போலும்.

9. நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்படவுள்ள கடைசி வரி இது: "நம்மில் ஒருவனே நம்மைத் தோற்கடித்தான், ஆயினும் நம் உற்சாகம் தோற்கவில்லை." இந்த வரி ஒரு வகையில் சரியானதே. நம்மில் ஒருவர்தான் முன்கூட்டிப் பாய்ந்தார். அவர் திரு. ராண்டி ஸ்டெக்மன். மைதானத்தின் புதிய நுழைவாயில் அவர் நன்கொடையால் எழுந்து அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு எண்ணமில்லை. வாயில் அழகாக இருக்கிறது. ஆனால் அந்த வரியைப் படிக்கும் எவரும் அவரை நினைக்கப் போவதில்லை. ஆகவே அதை நீக்கிவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மற்ற வரிகள் இருக்கட்டும். அப்பாவின் பெயரை எங்கும் சேர்க்க வேண்டாம்.

10. குழுத் தலைவர் திருமதி மார்லிஸ் நட்சன் அவர்களிடம் முன்பே வாய்மொழியாகக் கேட்டேன். எனக்கு ஆப்பிள் பை பலகாரத்தில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்துவிட்டு, "பாப்பா, கதைன்னா ஒரு வில்லன் வேணும்ல?" என்றார். சாப்பிட்டுவிட்டு வந்தேன். பை நன்றாக இருந்தது.

11. பணியின் ஒரு பகுதியாக என் அப்பாவையும் பதிவு செய்ய வேண்டும் என்று தோன்றியது. கருவியைச் சமையலறை மேசையில் வைத்துக் கேட்டேன். நீங்கள் ஏன் கொஞ்சம் சாயவில்லை? ஊர் முழுக்கக் கேட்கும் கேள்வி இது; எங்கள் வீட்டில் மட்டும் அதுவரை யாரும் கேட்டதில்லை. தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னார்.

"நேரா புடின்னு நடுவர் சொன்னாரு. காத்து வேற அடிச்சுது. நேரா புடிக்கிறதே பெரும்பாடா போச்சு, இதுல சாயறத எங்க யோசிக்கிறது?"

அவ்வளவுதான் பதிவு. மற்றப் பதிவுகளைவிட மிகச் சிறியது. குழு அதைப் பயன்படுத்த விரும்பவில்லை. உணர்ச்சி போதவில்லையாம்.

12. நினைவுச் சின்னத்தைப் பற்றி மட்டும் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் எனக்கு இன்னொரு விண்ணப்பம் இருக்கிறது. உண்மையில் இருப்பது அது ஒன்றுதான். மேலே உள்ள வரியை நீக்க முடியாவிட்டாலும் இதைச் செய்யத் தங்களால் முடியும்; ஒரு கையெழுத்துப் போதும் என்று காவல் பிரிவில் சொன்னார்கள்.

வருகிற மே மாதம் அதே மைதானத்தில் நான் பட்டம் பெறுகிறேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் பெறும் முதல் ஆள் நான். முதல் ஆள் அப்பாவாக இருந்திருப்பார். வேலியின் வெளிப்புறம் எந்த இடத்திலிருந்து மேடை தெரியும் என்று அவர் ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறார். டயர் கடைக்காரரிடம் ஏணி கேட்டிருப்பதாகத் தம்பி சொன்னான். எனக்குத் தெரியாது என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார்.

தடையை ரத்து செய்யுங்கள் ஐயா. ஆனால் தயவுசெய்து அறிவிக்காமல் செய்யுங்கள். அவரை மேடைக்கு அழைக்க வேண்டாம். மன்னிப்போ, புகைப்படமோ, கைதட்டலோ வேண்டாம். கையில் கம்பம் எதையும் கொடுக்க வேண்டாம். மற்ற அப்பாக்களைப் போல அவரும் வெயிலில் உட்கார்ந்து, நீண்ட உரைகளைக் கேட்டுச் சலித்து, என் பெயர் வரும்போது எழுந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

பதிலை வரலாற்று அறை முகவரிக்கு அனுப்பக் கோருகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் அவர் பிரித்துப் படித்துவிட்டு, உனக்கு எதற்கு இந்த வேலை என்பார்.

தங்கள் முடிவை எதிர்பார்த்திருக்கும்,

டெஸ்ஸா வோபோரில்
(கையொப்பம்)

இடம்: கார்வர் மில்ஸ்
நாள்: 11 ஏப்ரல் 2023