ஒற்றை அணுவும் உன் கேள்வியும்

ஆய்வறை வாசலில், செருப்பு விடும் இடத்தில், உன் கம்பளி சாக்ஸ் இன்றும் கண்ணில் பட்டது. காலடி அதிர்ந்தாலே கருவியின் ஊசிமுனை ஆடிவிடும் என்று, சித்திரை வெயிலில் அடையாறு பஸ்ஸில் வியர்த்து வந்திறங்கி, அதை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போவாய். எடுத்துப்போட யாருக்கும் மனம் வரவில்லை.

வெள்ளியின் மேல் ஓர் ஒற்றை அணுவை உட்காரவைத்து, ஊசிமுனையால் தொடாமல் தடவிப் பார்ப்பது நம் வேலை. அணுவும் ஒரு குட்டிக் காந்தம்தான். அதற்கும் வடக்கு தெற்கு உண்டு. ஆனால் உலோகத்தில் ஓடும் எலக்ட்ரான்கள் அதை ஒரு திசையில் நிற்க விடுவதில்லை. "கல்யாண வீட்ல புதுப்பொண்ணு மாதிரிடி. ஆளாளுக்கு வந்து இப்டித் திரும்பு, அப்டித் திரும்புன்னு உயிரை வாங்கறாங்க" என்பாய். நடுவில் மெல்லிய ஆக்சைடு படலம் போட்டு, அதன்மேல் ஹோல்மியம் என்ற உலோகத்தின் அணுவை வைத்தால் ஒரே திசையில் நிலையாக நிற்கும். வெளிநாட்டில் பார்த்துவிட்டார்கள். நம் கருவியிலும் பார்த்தே தீரவேண்டும் என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய்.

அதற்குள் உனக்கு ரத்தப் புற்று என்றார்கள். கிருமி அண்டக் கூடாதென்று கண்ணாடி அறையில் வைத்தார்கள். நான் இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம், பேச போன். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, "எனக்கும் படலம் போட்டாங்க பாத்தியா" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அத்த வுடு. இன்னா, நின்னுச்சா?"

நான் வரும்போதெல்லாம் உன் கேள்வி இதேதான். "இன்னும் இல்லடி" என்பேன்.

"எனக்காகப் பொய் கிய் சொன்னே, செத்தாலும் உன்னை மன்னிக்க மாட்டேன்."

கடைசியில் அந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்து உன் கையைத் தொடவிட்டபோது அது சில்லிட்டிருந்தது.

இன்று காலையில் பார்த்தேன். மத்தியானம் பார்த்தேன். விளக்கு வைக்கும் நேரத்திலும் பார்த்தேன். அணு திசை மாறவே இல்லை. கூட இருந்தவர்கள் கைதட்டினார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஆட்டோ பிடித்து சாந்தோமில் உன் வீட்டுக்குப் போய்விட்டேன். உன் அம்மா சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, அது நின்னுடுச்சு" என்றேன்.

எது என்று அவர் கேட்கவில்லை. மாவுக் கையோடு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அவகிட்ட சொல்லிட்டியா கண்ணு?"

அதற்குத்தான் இதை எழுதுகிறேன். நின்றதடி. பொய் இல்லை, சத்தியமாக நின்றது. ஆனால் இனி அதைக் கேட்க நீ இல்லை என்பதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?