மைத்துனர் செய்த ஆராய்ச்சி

ஜனவரி 20
இரண்டு வருடமாக நாற்பது தொட்டி பீன்ஸ் நாற்றுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றி என் கையே ஊறிப்போய்விட்டது. இன்று கட்டுரையை முடித்துப் பேராசிரியரிடம் கொடுத்தேன். ஜூன் முடிவதற்குள் என் பெயர் முதலில் போட்டு ஒரு கட்டுரை வெளிவந்தால்தான் பட்டம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஜனவரி 22
கட்டுரை திரும்பி வந்தது. ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை, பெயர்கள்தான் மாறியிருக்கின்றன. முதலில் பேராசிரியர், அடுத்து அவருடைய மைத்துனர், கடைசியில் நான். மைத்துனர் வேறொரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறார். பீன்ஸை அவர் தட்டில்தான் பார்த்திருப்பார்.
போய்க் கேட்டேன். “உனக்கு வயசு இருக்கும்மா. அவனுக்கு இந்த வருஷம் ப்ரமோஷன் போனா போச்சு.”
சரி சார் என்றேன். எனக்கெல்லாம் எதற்கு வாய்?

ஜனவரி 23
அக்காவிடம் போனில் அழுதேன். “அழுதா பேர் மேல ஏறிடுமா? மூஞ்சியக் கழுவிட்டு யோசி” என்றாள்.

ஜனவரி 30
வழி கிடைத்துவிட்டது! கட்டுரையில் யார் யார் என்ன செய்தார்கள் என்று ஆய்விதழ்க்காரர்கள் ஒரு படிவம் கேட்கிறார்கள். நீயே நிரப்பு, கையெழுத்துப் போடுகிறேன் என்றார் பேராசிரியர். எதையும் படிக்காமல் போடுவார். போன வருடம் தன் விடுப்பு விண்ணப்பத்தைத் தானே நிராகரித்துக் கையெழுத்துப் போட்டவர்.
உண்மையைத்தானே கேட்கிறார்கள்? எழுதினேன்:
பேராசிரியர் – ஆய்வுக்கூடச் சாவியை வைத்திருந்தார்.
மைத்துனர் – ஒருமுறை வந்து கழிப்பறை எங்கே என்று கேட்டார்.
நான் – மற்றதெல்லாம்.

ஜனவரி 31
அந்த ‘மற்றதெல்லாம்’ உறுத்துகிறது. பதினேழாம் தொட்டி. மற்றவை உப்பில் வாடியபோது அது மட்டும் ஜம்மென்று வளர்ந்தது. வரைபடம் அழகாக வரவில்லை என்று அதைக் கணக்கிலிருந்து தூக்கியது யார்? நான்தான். ஊருக்குத்தான் உபதேசமா?
திரும்பச் சேர்த்துவிட்டேன். வரைபடம் கோணல். இருந்துவிட்டுப் போகட்டும்.

பிப்ரவரி 2
தேநீர் குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அனுப்பியாயிற்று.

மார்ச் 14
இதழாசிரியர் எங்கள் மூவருக்கும் எழுதியிருக்கிறார். கழிப்பறையை விசாரித்தவரைக் கட்டுரையாளராக ஏற்க முடியாதாம். சாவி வைத்திருந்தவருக்கு வேண்டுமானால் கடைசியில் நன்றி சொல்லலாமாம். மறுத்தால் கல்லூரிக்கு எழுதுவாராம்.
பேராசிரியர் கூப்பிட்டார். படிவத்தை இப்போதுதான் முதல்முறையாகப் படித்தார்.
“இது என் கையெழுத்துதானே?”
“ஆமா சார்.”
“படிச்சிருக்கணும்” என்றார். அதில் பொய் என்று ஒரு வரியைக்கூட அவரால் காட்ட முடியவில்லை. இரண்டு பெயரையும் எடுத்துவிடச் சொல்லிப் பதில் எழுதினார்.

ஜூன் 9
வந்துவிட்டது! என் பெயர், தன்னந்தனியாக. கோணல் வரைபடத்தோடு. அக்காவுக்குத்தான் முதலில் அனுப்பினேன்.

ஜூலை 3
இரண்டாவது கட்டுரையைப் பயந்துகொண்டே பேராசிரியரிடம் கொடுத்திருந்தேன். இன்று திரும்பி வந்தது, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. காற்புள்ளியைக்கூட விடவில்லை மனிதர். நான்காம் பக்க ஓரத்தில் ஒரு கேள்வி: ‘பதினேழாம் தொட்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்தாயா?’
ஓடிப்போய்த் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். ஊற்றிய உப்பெல்லாம் மண்ணில் தேங்காமல் ஒழுகிப் போயிருக்கிறது, அதனால்தான் அது மட்டும் வாடவில்லை. இரண்டு வருடம் எனக்குத் தோன்றவே இல்லை.
புதுப் படிவத்தை எடுத்து அவர் பெயரை இரண்டாவதாக எழுதினேன். பக்கத்தில், ‘கட்டுரையைப் படித்தார்.’