இளமதி வைத்த ரசம்

ஜூன் 9
இன்னைக்கும் ரத்தம். காலையிலிருந்து கக்கூசுக்கும் கட்டிலுக்குமாக நடை. பெருங்குடலில் புண் என்கிறார் திருச்சி டாக்டர். ஒரே வீட்டுச் சோறுதானே எல்லாரும் தின்கிறோம்? என் வயிறு மட்டும் ஏன் கெடணும்?

சமைப்பவள் என் ஓரகத்தி இளமதி, கொழுந்தன் பெண்டாட்டி. எனக்கு மட்டும் குழம்பைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைக்கிறாள். எதுக்கு?

ஜூன் 12
அவள் வைத்த ரசத்தைத் தென்னைமரத்தடியில் ஊற்றினேன். பார்த்துவிட்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வாய் வருமா?

ஜூன் 16
ஆவுடையார்கோவில் பக்கம் இடுமருந்து எடுக்கிற அம்மாவிடம் போனேன். பச்சிலைச் சாறு குடித்து ஒரே வாந்தி. அதில் கறுப்பாக ஓர் உருண்டை! "சோத்துல வச்சுக் குடுத்துருக்காங்க. ஒங்க வீட்டுப் பொம்பளதான்," என்றது அந்தம்மா. நான் நெனச்சது சரிதான்! விஷமே வெளியே வந்தாச்சு, இனி எதுக்கு மாத்திரை? எல்லாத்தையும் குப்பையில் போட்டேன்.

ஜூன் 17
"என்னடி வச்ச?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். இளமதி அழுதபடி அடுப்பை அணைத்தாள். என் வீட்டுக்காரர், "ஒனக்குப் புத்தி பெரண்டு போச்சு" என்றார்.

இனி என் சோற்றை நானே பொங்கிக்கொள்கிறேன்.

ஜூலை 3
திருச்சி ஆஸ்பத்திரி. ரத்தம் ஏற்றுகிறார்கள். நானே பொங்கித் தின்றும் இப்படி. அப்ப யாரு வச்சது?

ஜூலை 6
எல்லார் குடலிலும் கோடிக்கணக்கில் பாக்டீரியா குடியிருக்குமாம். என் குடலில் நல்லது குறைந்துவிட்டது. இருப்பவற்றை என் உடம்பே எதிரியென்று அடிக்கிறது, புண்ணாவது குடல். "ஏன் இப்படின்னு இன்னும் முழுசா யாருக்கும் தெரியாதும்மா," என்றார் டாக்டர்.

கூடக் குடியிருப்பவர்களையே சந்தேகப்படுகிற உடம்பு. எங்கே கத்துக்கிச்சு?

ஜூலை 15
மாத்திரையை நடுவில் விட்டதில் நோய் முற்றிவிட்டது. இன்னொரு வழி பார்க்கலாமாம். நோயில்லாதவர் மலத்தைக் கரைத்து வடிகட்டி, குழாய் வழியாக என் குடலுக்குள் விடுவது. ச்சீ! அதுவும் கேட்காவிட்டால் பெருங்குடலையே எடுக்கணும்.

வீட்டில் டெஸ்டில் தேறியது இளமதி ஒருத்திதான். சரி என்றுவிட்டாளாம். ஏன்? என்ன நினைப்பில்?

ஜூலை 24
இளமதி கட்டிலருகே வந்து நின்றாள். "அக்கா, இந்தத் தடவ நெசமாவே நான் குடுத்ததுதான் உள்ள போகுது. அந்தம்மாகிட்டப் போயி எடுத்துராதீங்க."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "கிண்ணம் ஏன்டி தனியா?"

"ஒங்களுக்குத்தான் காரம் ஆகாதே. மொளகாப் போடுறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சுருவேன்."

அத்தனை நாளும் இதைக் கேட்காமலே இருந்திருக்கிறேன்.

செப்டம்பர் 14
ரத்தம் நின்றிருக்கிறது. திரும்பவும் வரலாம், மாத்திரையை விடக்கூடாது என்றார் டாக்டர்.

மத்தியானம் தனிக் கிண்ணத்தில் ரசம். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.